சென்னைக்குக் கல்யாணச் சாமான் வாங்கப் போகிறவர்கள் காசு விடயத்தில் அறிந்திருக்க வேண்டியவை

கூறைச்சேலையும் தாலிக்கொடியும் வாங்க எங்கள் பகுதிக் குடும்பங்கள் பல சென்னை சென்று வருகின்றன. அந்தக் காசு வெளிநாட்டிலுள்ள சகோதரர் அனுப்பியதாகவோ, சீட்டுப் பிடித்துச் சேர்த்ததாகவோ இருக்கும். இடம்பெயர்வில் விற்ற நகையைத் திரும்ப வாங்குபவர்களும் உண்டு. உறவினர்களுடன் சில தடவைகள் தியாகராய நகர் சென்று வந்தவன் என்ற வகையில், அந்தக் காசு வீணாகாதிருக்க உதவும் சில விடயங்களைத் தருகிறேன்.

காசுத்தாள்: இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரையே கொண்டுசெல்லலாம். அதுவும் விமான நிலையம் ஊடாக மட்டுமே. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு நாணயத்தாள்கள் 5,000 அமெரிக்க டொலர் பெறுமதிக்கு மேற்பட்டால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அங்கே காசு மாற்றும்போது பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். மிஞ்சிய ரூபாயைத் திரும்ப மாற்ற அது தேவைப்படும். முன்னைய பயணத்தில் மிஞ்சிய தாள்களையும் பாருங்கள். பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் 2016 நவம்பரில் செல்லாதவையாயின. 2,000 ரூபாய்த் தாளைப் புழக்கத்திலிருந்து மீளப்பெறும் அறிவிப்பு 2023 மே மாதம் வந்தது.

வங்கி அட்டை: வெளிநாட்டில் பாவிக்க அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று புறப்பட முன்னரே வங்கியிடம் கேளுங்கள். சில இயந்திரங்கள் இலங்கை ரூபாயிலா, இந்திய ரூபாயிலா என்று கேட்கும். இந்திய ரூபாயையே தெரிவு செய்யுங்கள். இலங்கை ரூபாய் என்றால் இயந்திரப் பக்கத்தார் தம் இலாபத்தையும் சேர்த்தே மாற்று வீதத்தைப் போடுவார்கள்.

கைபேசிக் கொடுப்பனவு: ஓட்டோ முதல் பூக்கடை வரை யூபிஐ தான். அது பொதுவாக இந்திய வங்கிக் கணக்குடன் இணைந்தது. 2024 பெப்ரவரி முதல் இந்தியர்கள் இலங்கையில் யூபிஐ மூலம் செலுத்த முடிகிறது. அதனால் எங்கள் வங்கிச் செயலியும் அங்கே வேலை செய்யும் என்று நம்பிப் போக வேண்டாம். சில்லறைச் செலவுக்குச் சிறிய தாள்கள் கையில் இருக்கட்டும்.

நகை: 22 கரட் நகையில் 916 என்ற முத்திரையும் ஆறு எழுத்து, இலக்கங்கள் கொண்ட குறியீடும் இருக்க வேண்டும். இந்தக் குறியீடு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பவுண் விலையை மட்டும் கேட்காமல் சேதாரம், செய்கூலி, 3 வீத வரி எல்லாம் சேர்ந்த முழுத்தொகையைக் கேட்டு இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுங்கள். சிங்கப்பூரைப் போல் விமான நிலையத்தில் வரியைத் திருப்பித் தரும் நடைமுறை இந்தியாவில் இல்லை.

எல்லாப் பற்றுச்சீட்டுக்களையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். திரும்பி வரும்போது எங்கள் சுங்கத்தில் நகையின் பெறுமதியைக் கேட்டால் காட்டுவதற்கு அவைதான் ஆதாரம்.