கம்பி சென்ற வழி: குருவிட்டவிலிருந்து ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் பெருந்தெருவில் எஹலியகொடவுக்கு அப்பால் உள்ளது குருவிட்ட. இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் விளையும் தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. பெருந்தோட்டக் காரியாலயத்தின் குரலும் கணக்கும் இன்று ஒரே இலக்கமுறைத் தொடர்பின் வழியே தலைநகரை அடைய முடியும். இத்தொழினுட்பம் யாது, அது யாருக்காக வந்தது என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெருந்தோட்டத்தைப் பொறுத்தவரை தொழினுட்ப வரலாற்றைச் சமூக வரலாற்றினின்றும் பிரித்தெழுதுதல் இயலாது.

இலங்கையின் முதலாவது தந்தித் தொடர்பு 1858 இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே அமைந்தது. காலி அன்று கப்பல்கள் தரித்துச் செல்லும் முதன்மைத் துறைமுகம். கம்பியின் திசையை வர்த்தகமே தீர்மானித்தது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1902 இல் அவிசாவளையையும் 1912 இல் இரத்தினபுரியையும் எட்டியபோது, குருவிட்டவும் அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. இலண்டனிலிருந்த உடைமையாளரின் கட்டளை கொழும்பு முகவர் நிறுவனத்துக்கு வரும். அங்கிருந்து தோட்டத்துரைக்குச் செல்லும். சொற்கணக்கில் கட்டணம் அறவிடப்பட்டமையால், ஒரு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் குறியீட்டு நூல்களை வர்த்தகர் கையாண்டனர். தொழிலாளியின் நிலையோ வேறு. லயக் காம்பராவுக்கு முகவரி இல்லை. அவனுக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, பிறர் கைபட்ட பின்னரே அவனைச் சேர்ந்தது. தந்தி வந்ததெனின், அது பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தியாகவே இருந்தது.

இனித் தொழினுட்பத்தை நோக்குவோம். பழைய தொலைபேசி, குரலின் அலையை அவ்வாறே மின்னலையாக மாற்றிக் கம்பியிற் செலுத்தியது. தூரம் கூடக் குரல் நலிந்தது. அதனைப் பெருக்கியபோது இரைச்சலும் உடன் பெருகியது. 1930களின் பிற்பகுதியில் அலெக் றீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் இதற்கு மாற்று வழி கண்டார். அலையை இடையறாது அளந்து, அவ்வளவுகளை எண்களாக அனுப்புவதே அவ்வழி. பின்னர் வகுக்கப்பட்ட நியமத்தின்படி குரல் செக்கனுக்கு 8,000 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் எட்டு இரும இலக்கங்களாற் குறிக்கப்படுகின்றது. ஆகவே ஒரு குரலுக்குச் செக்கனுக்கு 64,000 இலக்கங்கள் தேவை. வழியிலுள்ள கருவிகள் நலிந்த துடிப்பைப் பெருக்குவதில்லை; துடிப்பு உண்டா இல்லையா என்று தீர்மானித்து அதனைப் புதிதாக எழுப்புகின்றன. இரைச்சல் சேர்ந்து வளராமைக்கு இதுவே காரணம்.

1962 இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் 24 குரல்களை நேர இடைவெளிகளாகப் பகுத்து, செக்கனுக்கு 15,44,000 இலக்கங்கள் கொண்ட ஒரே தொடராக அனுப்பியது. ஐரோப்பிய முறையில் இடைவெளிகள் 32. செக்கனுக்கு இலக்கங்கள் 20,48,000. அவற்றுள் 30 குரலுக்குரியன. ஒன்று காலத்தை ஒழுங்குபடுத்தவும் மற்றொன்று அழைப்புச் சமிக்ஞைக்கும் உரியன. கணினியின் கணக்கு இயல்பாகவே இலக்க வடிவிலுள்ளது. எனவே அதே இடைவெளிகளில் அதனையும் ஏற்ற முடிந்தது. ஒரு கம்பனி ஒரே இணைப்பை வாடகைக்குப் பெற்று, அதன் ஒரு பகுதியைப் பேச்சுக்கும் எஞ்சியதைக் கணக்குக்கும் ஒதுக்கலாம். துடிப்பு குரலா கணக்கா என்று கம்பி கேட்பதில்லை. பேசுபவர் துரையா தொழிலாளியா என்றும் கேட்பதில்லை. கட்டணம் செலுத்த வல்லவர் யார் என்பதே அதன் முனை எங்கே முடியும் என்பதைத் தீர்மானித்தது.

இவ்வுண்மையை இலங்கையின் அண்மைக்கால வரலாறு தெளிவாக்குகின்றது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் தொலைபேசி காரியாலயத்தையும் பங்களாவையும் விட்டு லயத்துக்கு இறங்கவில்லை. 1981 இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டபோது, உதவி கேட்டு ஒரு சொல் அனுப்பும் வசதி அவர்தம் லயங்களில் இருக்கவில்லை. பின்னர் கம்பியும் தோட்டமும் ஏறக்குறைய ஒரே காலத்திற் கம்பனிகளின் கைக்குச் சென்றன. 1991 இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1992 இல் தோட்ட முகாமைத்துவம் 22 பிரதேசக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1997 இல் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் சிறீலங்கா ரெலிகொம்மின் 35 சதவீதப் பங்குகளைப் பெற்றது. இருதுறை மாற்றங்களும் மூலதனத்தின் ஒரே தேவையினின்றும் பிறந்தவை எனலாம்.

1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், கொள்ளைநோய்க் காலமாகிய 2020 ஏப்ரலில் முற்றாக மின்னணு முறைக்கு மாறியது. கூடத்தில் எழுந்த குரல்கள் இலக்கங்களாயின. தேயிலையின் விற்பனை தடைப்படாது தொடர்ந்தது. அதே காலத்திற் பாடசாலைகள் மூடப்பட்டன. கொழுந்து பறித்தவளின் பிள்ளை, வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசியை உடன்பிறந்தாருடன் பகிர்ந்து, சமிக்ஞை தேடி மேட்டில் ஏறி நிற்க நேர்ந்தது. தேயிலைக்குக் கிடைத்த வழி அதனைப் பறித்தவளின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

குருவிட்டவுக்கு வந்த புகையிரதம் 1976 இல் நின்றுவிட்டது. தந்தியின் காலமும் கடந்துவிட்டது. விளைபொருளைத் தொடர்ந்து வந்து பங்களா வாயிலில் நிற்கும் பழக்கம் மட்டும் இன்னும் முற்றாக நீங்கவில்லை. எட்டு இலக்கங்களில் எக்குரலும் அடங்கும் என்பதைப் பொறியியல் நிறுவிவிட்டது. லயத்துக்கு ஒரு முகவரியும், அதன் வாயில்வரை ஒரு தொடர்பும் வேண்டுமென்பதை நிறுவும் பொறுப்பு சமூகத்தினுடையது.