வகுப்பறையும் வெளியும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் மொழிக்கல்வி

மொழி கற்கும் முறைகளைத் தனியாளின் திறமை, ஞாபகசக்தி என்பவற்றைக் கொண்டு மாத்திரம் விளக்கும் போக்கு கல்வியியலாளரிடையே உண்டு. யார், எம்மொழியை, எத்தேவை கருதிக் கற்றனர் என்னும் வினாக்கள் இதனால் மறைக்கப்பட்டுவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் இவ்வகையில் நமது கவனத்துக்குரியது.

திண்ணைப் பள்ளியில் மாணவன் மணலில் எழுதிப் பழகி, பின்னர் ஏட்டுக்குச் சென்றான். நிகண்டையும் நன்னூலையும் மனனஞ் செய்தான். இதனை வெறும் இயந்திரப் பயிற்சியெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. நூல்கள் அரிதாயிருந்த சமூகத்தில் மாணவனின் நினைவே அவனது நூலகம். வகுப்பறைக்கு வெளியே, கோயில்களில் நிகழ்ந்த கந்தபுராண படனம் இப்பணியை விரிவுபடுத்தியது. ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் அம்முறை, எழுத்தறியாதாரையும் இலக்கிய மொழிக்குப் பரிச்சயமாக்கிற்று. ஆயின் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் திண்ணையும் கோயிலும் ஒருங்கே மூடப்பட்டிருந்தன என்பதை மறத்தலாகாது.

1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, மாணவரை விடுதியில் வைத்து ஆங்கிலமும் தமிழும் கற்பித்தது. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களையடுத்து ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று. திருச்சபைப் பணிக்கென ஆங்கிலம் புகட்டப்பட்டோர் அரசாங்கப் பதவிகளை நாடினர். 1855இல் செமினரி மூடப்பட்டமைக்கு இதுவுமொரு காரணமாகும். வகுப்பறையிற் கற்ற மொழியின் பயனை நிர்ணயித்தது வகுப்பறையன்று. குடியேற்ற ஆட்சியின் தேவையே.

இருவகைக் கல்வியும் ஒருவரிடத்தே இணைந்தபோது விளைவு வேறாயிற்று. ஆறுமுக நாவலர் ஆங்கிலத்தை மிஷன் பாடசாலையிலும், தமிழைச் சேனாதிராச முதலியார் முதலியோரிடமும் பயின்றார். செமினரி மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளையோ சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடமும் தமிழ் கற்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம்பெற்று, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பழைய ஏட்டுப்பயிற்சியும் புதிய அச்சுமுறையும் சந்தித்ததன் பேறே தமிழ்ப் பதிப்பு முயற்சி எனலாம்.

எனினும் இப்பேறு பெரும்பாலும் உயர்சாதியினரின் எல்லைக்குள்ளேயே நின்றது. 1929ஆம் ஆண்டளவில் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்க முற்பட்டபோது எழுந்த கடும் எதிர்ப்பு இதற்குச் சான்று. ஆங்கிலத்தின் ஆதிக்கத்தைச் சாடிய நாம், தமிழ்க் கல்வியினுள்ளே நிலவிய ஆதிக்கத்தை அதேயளவிற்குச் சாடினோமா? மொழி கற்கும் உத்திகளை ஆராய்வோர், கற்கும் இடத்தினுள் எவர் அனுமதிக்கப்பட்டனர் என்பதிலிருந்தே ஆய்வைத் தொடங்குதல் வேண்டும்.