அடைபட்ட வாயிலும் அஸ்ஸஹ்ராவியின் எச்சரிக்கையும்

குழந்தை பிறந்ததும் அதன் செவியில் பாங்கு சொல்லி, ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டி மகிழ்கிறோம். ஆயினும், ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒரு குழந்தை ஆசனவாய் திறவாமல் பிறக்கிறது. உடனே கவனிக்காவிடில் வயிறு உப்பி, வாந்தி கண்டு, உயிருக்கே ஆபத்தாகும். அத்தகைய வீட்டில் மகிழ்ச்சி அடங்கி, 'யார் செய்த பாவமோ' என்ற முணுமுணுப்பு எழுவதுண்டு.

இக்குறையை மறைக்க வேண்டிய வெட்கமாக நம் முன்னோர் கருதவில்லை. ஸ்பெயினின் குர்துபா அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 அளவில் பிறந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கினார். மெல்லிய சவ்வு வாயிலை மூடியிருந்தால் மருத்துவச்சி அதனை விரலால் துளைக்க வேண்டும்; இயலாவிடில் கூரிய கத்தியால் திறக்க வேண்டும்; ஆனால் அங்குள்ள தசையைத் தீண்டலாகாது என்று அதில் அறிவுறுத்தினார். துளை மீண்டும் மூடாதிருக்க ஈயக் குழாய் வைக்கவும் சொன்னார்.

குடல் மேலேயே முடிந்துவிட்ட குழந்தைகளுக்கு இம்முறை உதவவில்லை. 1793இல் பிரான்சின் பிரெஸ்ட் நகரில் டியூரே என்ற மருத்துவர், பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் வயிற்றில் துளையிட்டுப் பெருங்குடலை வெளியே திறந்துவிட்டார். அக்குழந்தை 45 வயது வரை வாழ்ந்தது. 1835இல் அமுசா குடலைக் கீழிறக்கித் தோலோடு இணைத்துத் தைத்தார். 1980இல் மெக்சிகோவில் அல்பெர்த்தோ பெஞ்ஞா, பின்புறம் சரிநடுவே பிளந்து, தசைகளைக் கண்ணால் கண்டு, அவற்றின் நடுவே குடலைப் பொருத்தும் முறையைத் தொடங்கினார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அஸ்ஸஹ்ராவி காக்கச் சொன்னதும் அத்தசையைத்தான். அது காக்கப்பட்டால்தான் பிள்ளை வளர்ந்து மலத்தை அடக்கவும், ஒளுவைப் பேணித் தொழுகை வரிசையில் கூச்சமின்றி நிற்கவும் எளிதாகும். அடக்க இயலாதோருக்கும் மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது.

இன்று கடுமையான குறையுள்ள குழந்தைக்கு முதலில் வயிற்றில் தற்காலிக வழி அமைத்து, சில மாதங்களில் ஆசனவாயை உருவாக்கி, பின்னர் அவ்வழியை மூடுகின்றனர். எனவே பிறந்த நாளிலேயே ஆசனவாயைப் பார்த்தறிவது நம் கடமை. வேறு துளை வழியாகவும் மலம் கசியலாம் என்பதால், மலம் வந்ததை மட்டும் கொண்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

இது பெற்றோருக்கான தண்டனையன்று. நோயைத் தந்த இறைவன் நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்பதே நம் ஈமான். அதனைத் தேடி விரைவோம். அக்குழந்தைகளுக்காக துஆச் செய்வோம்.