காற்றை அளந்த அறிஞர்

மெதேன் நிறமற்ற, மணமற்ற வாயு. நீர் தேங்கிய வயற்சேற்றிலும், அசைபோடும் மாட்டின் இரைப்பையிலும், குப்பைமேட்டின் அடியிலும் அது பிறக்கின்றது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் எரிவாயுக் கிணறுகளிலுமிருந்து கசிகின்றது. கண்ணுக்குப் புலனாகாத இவ்வாயு உலகெங்கும் பெருகிவருவதை அளந்து காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்க இரசாயன அறிஞர் ஷேர்வூட் றோலண்ட்.

1927ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் பிறந்த அவர், 1964இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்தில் இரசாயனத்துறையின் முதல் தலைவரானார். குளிர்ப்பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள் ஓசோன் படையை அழிக்கக்கூடும் என்று 1974இல் அவரும் மரியோ மொலினாவும் எச்சரித்தனர். அப்பொருள்களை உற்பத்தி செய்தோர் கடுமையாக எதிர்த்தனர், றோலண்ட் தளரவில்லை. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1995இல் நோபெல் பரிசு வந்தது.

அவ்வெதிர்ப்பு ஓயாதிருந்த 1978ஆம் ஆண்டிலேயே, தம் மாணவர் டொனால்ட் பிளேக்குடன் மற்றொரு பணியையும் அவர் தொடங்கினார். காற்று அகற்றப்பட்ட உருக்குக் கலங்களைப் பசுபிக் பகுதியில் அலாஸ்கா முதல் நியூசீலாந்து வரை கொண்டு சென்று, மாசு குறைந்த இடங்களில் அவற்றின் வாயைத் திறந்து, காற்றை நிரப்பி, மூடி, ஆய்வுகூடத்திற் சோதித்தனர். பருவந்தோறும் இதே வேலை. ஆண்டுதோறும் இதே பொறுமை. 1988இல் முடிவு வெளியாயிற்று. 1978 தை மாதத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 1.52 பங்காயிருந்த மெதேன், 1987 புரட்டாதியில் 1.684 ஆகியிருந்தது. பத்தாண்டு நிறையுமுன் 11 சதவீத உயர்வு!

இச்சிறு அளவை அலட்சியஞ் செய்தல் தகாது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மெதேன் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குகின்றது. ஆயினும் கரியமிலவாயுவைப் போல் அது நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஏறக்குறையப் பத்தாண்டிற் சிதைந்துவிடும். ஆகவே, இன்று கசிவை அடைத்தால் அதன் பயனை இத்தலைமுறையே காணலாம். எரிவாயுக் குழாய்களைச் செப்பனிடுவதும், குப்பைமேட்டு வாயுவைத் திரட்டி எரிபொருளாக்குவதும், வயலில் இடையிடையே நீரை வடிப்பதும் அதற்கான வழிகள்.

2012இல் றோலண்ட் மறைந்தார். 2021இல் கிளாஸ்கோ மாநகரில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள், 2030க்குள் உலகின் மெதேன் வெளியீட்டை 2020ஆம் ஆண்டின் அளவிலிருந்து 30 சதவீதமேனும் குறைக்க உறுதி பூண்டன. ஆனால், அதே பத்தாண்டில் காற்றிலுள்ள மெதேனோ 1.9 பங்கைத் தாண்டிவிட்டது. அரசுகள் வாக்குறுதி அளிக்கலாம். அது நிறைவேறியதா என்பதைக் காற்றே சொல்லும். அக்காற்றின் சாட்சியத்தைக் கேட்கும் வழியைத்தான் றோலண்ட் உலகுக்கு விட்டுச் சென்றார்.