காரணி தேடாமலே பிடித்த பகா எண்

கணினி வகுப்பில் 'டவர்ஸ் ஆஃப் ஹனோய்' நிரல் எழுதி மண்டை காய்ந்தவர்கள் கை தூக்குங்கள்! அந்த வட்டுப் புதிரை 1883-ல் வெளியிட்ட புண்ணியவான் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித ஆசிரியர். அதற்கு ஏழு வருடம் முன்பு அவர் செய்த வேலைதான் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம்.

2-ன் அடுக்கில் 1-ஐக் கழித்தால் 3, 7, 31, 127 என்று சில பகா எண்கள் கிடைக்கும். (n வட்டுகளை நகர்த்தத் தேவையான நகர்வுகளும் இதே 2^n − 1 தான்.) 1644-ல் பாரிஸ் துறவி மெர்சென், 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே பகா எண் தரும் என்று எழுதி வைத்தார். நிரூபணம் தரவில்லை. 31-ஐ ஆய்லர் 1772-ல் உறுதி செய்தார். அதற்கு மேலுள்ள மூன்றும் நூறு ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தன.

காரணம் எளிது. 2^127 − 1 என்பது

170141183460469231731687303715884105727

39 இலக்கம். இதன் வர்க்கமூலம் வரை ஒவ்வொரு எண்ணாக, நொடிக்கு ஒன்று வீதம் வகுத்துப் பார்த்தால் சுமார் 41,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான்!

லூக்கா வகுக்கவே இல்லை. அவர் வழியை லேமர் 1930-ல் எளிமையாக்கிய வடிவத்தில் சொல்கிறேன். 4-ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்த பிறகு பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31-க்கு (அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை): 4, 14, பிறகு 194-ன் மீதி 8, பிறகு 62-ன் மீதி 0. முடிந்தது!

127-க்கு லூக்கா 3-ல் தொடங்கும் வரிசையைப் பயன்படுத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட தடவை, கால்குலேட்டர் இல்லாமல். 1876-ல் விடை வந்தது: பகா எண். அதே ஆண்டு 67 தவறு என்றும் காட்டினார். ஆனால் அதன் காரணி ஒன்றுகூட அவருக்குத் தெரியாது! "இது உடையும், எங்கே உடையும் என்று கேட்காதே" என்கிற மாதிரி. 193707721 × 761838257287 என்று கோல் உடைத்துக் காட்ட 1903 ஆனது. (257-ம் பிறகு தவறு என்று தெரிந்தது. மெர்சென் 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார், பாவம்.)

லூக்காவின் எண் 75 ஆண்டுகள், 1951 வரை, தெரிந்த பகா எண்களில் மிகப் பெரியதாக இருந்தது. அந்த ஆண்டு கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினி 79 இலக்கப் பகா எண் ஒன்றைப் பிடித்தது. அதுவும் எப்படி? லூக்காவின் எண்ணை வர்க்கப்படுத்தி, 180-ஆல் பெருக்கி, 1 கூட்டித்தான்.

2024 அக்டோபரில் அறிவித்த 2^136279841 − 1-க்கு 4,10,24,320 இலக்கங்கள். அதையும் கடைசியில் லூக்கா-லேமர் சோதனை போட்டுத்தான் உறுதி செய்தார்கள்.