இதழியலுக்கு முன் ஒரு பாடத்துறை: தென்சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாதம்

2015 டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் 'தி இந்து' நாளிதழ் அச்சாகவில்லை. மறைமலைநகரில் உள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878இல் தொடங்கிய அந்த இதழின் வரலாற்றில் மழைவெள்ளம் அச்சை நிறுத்தியது அதுவே முதல்முறை. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. அந்த வாரம் களத்தில் நின்ற செய்தியாளர்களின் துணிவில் யாரும் குறை காண முடியாது. ஆனால் நீர் வடிந்த பிறகு, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் கேட்டது 'என்ன நடந்தது' என்பதை அல்ல, 'ஏன் நடந்தது' என்பதை. அந்தக் கேள்விக்கு விடை தேட ஒருவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று பார்த்தால், இதழாளராக விரும்பும் மாணவர் எந்தப் பட்டத்தைத் தேர்வது என்பதற்கும் விடை கிடைக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளநிலையில் பொருளியல், புவியியல், வரலாறு, புள்ளியியல், தமிழ் என ஏதேனும் ஒரு துறையை ஊன்றிப் படித்துவிட்டு, முதுநிலையில் இதழியலைப் பயில்வதே சிறந்த வழி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மூன்றாண்டு இதழியல் பட்டத்தில் சேர்வதை இரண்டாம் தேர்வாகவே கொள்ள வேண்டும்.

இந்தப் பகுதி மாணவருக்கு வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இளநிலை இதழியல் படிக்கலாம். பல்லாவரம் முதல் காட்டாங்குளத்தூர் வரை தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் விஷுவல் கம்யூனிகேஷன் பட்டத்தை வழங்குகின்றன. 2000இல் சென்னையில் நிலைகொண்ட ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இப்போது தரமணியில் இயங்குகிறது. எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் அதன் ஓராண்டு முதுநிலைப் பட்டயத்துக்கு விண்ணப்பிக்கலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை 1947 முதல் இருக்கிறது. தென்சென்னைக்கு இதில் இன்னும் பழைய உரிமையும் உண்டு. இந்தியாவில் இதழியலைப் பாடமாகக் கற்பித்த முதல் முயற்சியாக, 1920இல் அடையாறில் அன்னி பெசன்ட் அம்மையாரின் தேசியப் பல்கலைக்கழகம் மேற்கொண்டதையே வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இத்தனை கதவுகள் இருக்கும்போது எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதே கேள்வி.

வெள்ளத்துக்கே திரும்புவோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதுதான் அழிவுக்குக் காரணம் என்பது விரைவில் பொதுக்கருத்தாக உறுதிப்பட்டது. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் ஏரி நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடி, மனிதத் தவறால் விளைந்த பேரிடர் என்றது. அடையாற்றின் கீழ்ப்பகுதிக்கு இது பொருந்தும். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சந்திப்புக்கு மேல்புறத்தில் இருக்கின்றன. அங்கே வீடுகளை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் இறங்கிய தண்ணீர். செம்பரம்பாக்கத்தின் மதகுகளை அன்று ஒரு அங்குலம்கூடத் திறக்காமல் இருந்திருந்தாலும் முடிச்சூர் தப்பியிருக்காது. ஒரே ஆறு, ஒரே நாள், இரண்டு வெவ்வேறு காரணங்கள். இந்த வேறுபாட்டைக் காண்பதற்குப் பெரிய இரகசிய ஆவணம் எதுவும் தேவையில்லை. நீர்ப்பிடிப்பு வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும். புவியியல் மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே அதைக் கற்றுவிடுகிறார். தலைப்பு எழுதவும் நேர்காணல் எடுக்கவும் பழகிய இதழியல் மாணவருக்கு அதைக் கற்பிக்க யாரும் இருப்பதில்லை. விளைவாக, அதிகாரி சொன்னதும் எதிர்க்கட்சி சொன்னதும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகின்றன. எது சரி என்று சொல்லும் பொறுப்பு வாசகர் தலையில் விழுகிறது.

நிலத்தின் கதையும் இப்படியே. இந்தப் புறநகரின் முக்கியச் செய்திகளில் பாதி, ஏரியும் தாங்கலும் கால்வாயும் மனையாக மாறிய செய்திதான். அதைச் சரிபார்க்க வேண்டிய இடம் வருவாய்த்துறையின் 'அ' பதிவேடு. அதன் ஒரு வரியில் பழைய புல எண், புதிய புல எண், உட்பிரிவு, நன்செய்யா புன்செய்யா புறம்போக்கா என்ற வகைப்பாடு, ஹெக்டேர்-ஏரில் பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், கடைசியில் ஒரு குறிப்புக் கட்டம் ஆகியவை வரிசையாக இருக்கும். பழைய பதிவில் ஏரி என்றிருந்த புல எண் உட்பிரிவாகி, அவற்றில் சில மட்டும் வேறு வகைப்பாட்டுக்குள் போயிருப்பதை ஒரு செய்தியாளர் கண்டால், அந்த மாற்றம் எந்த ஆணையால், எந்த ஆண்டில் நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். உழவரிடமே நேரடியாக நிலவரி வசூலித்த ரயத்துவாரி முறையின் வரலாறு அறியாதவருக்கு அந்தக் கட்டங்கள் வெறும் எண்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தியை எல்லோரும் வெளியிட்டார்கள். அந்த அங்கீகாரத்தின் எல்லை எந்தெந்தப் புல எண்கள் வழியே போகிறது என்று கேட்பதுதான் கடினமான வேலை. அதற்கு உழைத்துப் பழகிய மனம் வேண்டும்; அது வரலாறு, பொருளியல் போன்ற துறைகளில்தான் பதப்படுகிறது.

தமிழ் இதழியலின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 'சுதேசமித்திரன்' தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆசிரியப் பணியிலிருந்து வந்தவர். 1942இல் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் சட்டம் படித்த பாரிஸ்டர். செய்தியாளர்களுக்குக் கையேடு எழுதியவரும் அவரே. 1980களிலிருந்து நடக்கும் விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் எல்லாத் துறை மாணவர்களுக்கும் இடம் தந்து, தமிழ்ச் செய்தி அறைகளுக்குப் பலரை வழங்கியிருக்கிறது. இதழியல் கல்விக்காக உலகில் மிக உரக்க வாதாடிய அமெரிக்க இதழ் அதிபர் ஜோசப் புலிட்சரும், 1904இல் எழுதிய கட்டுரையில், சட்டம், வரலாறு, பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றை இதழாளரின் தேவைக்கு ஏற்பத் தேர்ந்து கற்பிக்க வேண்டும் என்றுதான் கேட்டார். அவருடைய கொடையால் 1912இல் தொடங்கிய கொலம்பியா இதழியல் பள்ளியில் பின்னாளில் பயின்ற, 'தி இந்து'வின் முன்னாள் ஆசிரியர் என். ராம், அதற்கு முன் சென்னையில் வரலாறு படித்தவர்.

இதற்கு எதிரான வாதங்களில் ஒன்று மிக வலுவானது. அதை எளிதில் கடந்துபோவது நேர்மையாகாது. தொழிலைச் செய்தி அறையிலேயே கற்றுக்கொள்ளலாம் என்ற பழைய ஏற்பாடு, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் உறவுக்கும் சாதிக்கும்தான் சாதகமாக இருந்தது. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வில், பார்வைக்கு எடுத்த 121 செய்தி அறைத் தலைமைப் பொறுப்புகளில் ஒன்றில்கூட தலித்தோ பழங்குடியினரோ இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஒரு பெண்ணுக்கு இதழியல் பட்டம் என்பது, எந்தச் சிபாரிசும் இல்லாமல் ஒரு அலுவலகத்தின் உள்ளே நுழையத் துணைசெய்யும் சான்று. நான்கைந்து ஆண்டு படி என்று அவரிடம் சொல்வது வசதி படைத்தவரின் அறிவுரையாகத் தோன்றும். இந்த வாதத்தின் அறத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கட்டணத்தைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். இதழியலும் விஷுவல் கம்யூனிகேஷனும் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் நடக்கின்றன. வரலாறும் பொருளியலும் தமிழும் அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் பிரிவுகளிலும் மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. மூன்றாண்டுக்குப் பின் செய்தி நிறுவனம் எடுத்துக்கொள்ளாவிட்டால், பொருளியல் பட்டதாரிக்கு ஆசிரியப் பணி, வங்கித் தேர்வு எனப் பிற வழிகளும் திறந்திருக்கும். ஏழை மாணவருக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் அதிகமாகவே தேவை. உள்ளே நுழைய வழி செய்யும் பொறுப்பை முதுநிலை இதழியல் நிறுவனங்களின் உதவித்தொகையும், செய்தி நிறுவனங்களின் வெளிப்படையான தேர்வு முறையும் ஏற்க வேண்டும். இப்போது இருப்பது போதாது.

காணொலித் தொகுப்பு, கேமரா, சமூக ஊடகம் இவற்றைத் துறைப் பட்டதாரி எங்கே கற்பார் என்பது அடுத்த கேள்வி. கருவிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. சில மாதப் பயிற்சியில் கைவருகின்றன. அவதூறுச் சட்டம், நீதிமன்ற அவமதிப்பு, பாலியல் குற்றச் செய்திகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காப்பது போன்றவை அப்படியல்ல. அவற்றை முறையாகக் கற்றே ஆக வேண்டும். முதுநிலை இதழியல் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில வழி இதழியல் வகுப்புகளில் தேறியவர்கள் பலர், மாநகராட்சி மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலைத் தடுமாறாமல் வாசிக்க முடியாதவர்கள். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். அதன் தீர்மானங்களும் ஒப்பந்தப்புள்ளிகளும் நிர்வாகத் தமிழில் இருக்கின்றன. 2022 நவம்பர் 1ஆம் தேதி பம்மலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் பெரிய செய்தியானது. முதலமைச்சர் வராத பகுதி சபைகளில் பேசப்படுவதை யார் எழுதுகிறார்கள்? இங்கேதான் தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரக் கல்லூரிகள் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பொருளியல், தமிழ், இதழியல் துறைகள் சேர்ந்து இரண்டு பருவங்களுக்கு ஒரு பொதுத்தாள் நடத்தலாம். மூன்று துறை மாணவர்களையும் கலந்து குழுவுக்கு ஒரு வார்டு ஒதுக்கி, மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கையில் அந்த வார்டின் மழைநீர் வடிகாலுக்கு என்ன ஒதுக்கினார்கள், என்ன செலவானது, அந்த வடிகால் எந்த ஏரியில் போய் முடிகிறது என்று எழுதவைத்து, அதைத் தமிழில் அச்சிட்டு அதே வார்டில் விநியோகிக்கலாம்.