நிலக்கரிக்கு வெட்டிய அறை

ரொறொன்ரோவில் வீட்டு அத்திவாரம் நான்கடியாவது ஆழம் போகவேண்டும். குளிர்காலத்தில் மண் அவ்வளவு ஆழத்துக்கு உறையும். உறைந்தால் வீங்கும், வீங்கினால் சுவரையே தூக்கும். நான்கடி வெட்டியவன் இன்னும் இரண்டு மூன்று அடி வெட்டினால் ஓர் அறை மிச்சம். பேஸ்மென்ற் வந்த கதை ஏறக்குறைய இவ்வளவுதான். அதற்குள் ஆள் படுக்கும், பிள்ளை படிக்கும், மீன்குழம்பு கொதிக்கும் என்று கட்டியவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. நிலக்கரி, அதை எரிக்கிற பெரிய ஃபேர்னஸ், மாரிக்குச் சேர்த்துவைத்த உருளைக்கிழங்கு, இவைதான் அங்கே குடியிருந்தன.

நான் ஸ்காபரோவில் பேஸ்மென்ற் ஈரத்தோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன். "தம்பி, இந்தத் தண்ணி எங்கையிருந்து வருது?" என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்பார்கள். வீடு எந்தக் காலத்தில் எழுந்தது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

டேவன்போர்ட் வீதியை ஒட்டி ஒரு மேடு எழும்புகிறதே, அது சுமார் 13,000 வருசத்துக்கு முந்திய இறோக்குவா ஏரியின் கரை. அதற்குத் தெற்கே உள்ள பழைய நகரம் முழுக்க அந்த ஏரிக்கு அடியில் கிடந்த மணலும் களியும். அதன்மேல் ஓடைகள் ஓடின. ஊர் பெருக்க ஓடைகள் நாறின. நாறியதும் மூடிக் குழாய்க்குள் விட்டார்கள். பல்கலைக்கழக வளவுக்குள் ஓடிய டாடில் ஓடை 1884-ல் மண்ணுக்குள் போனது. மேற்கே காரிசன் ஓடைக்கும் அதே கதி. நிரப்பிய பள்ளத்தில் எழும்பிய வீடுகள் சில இன்றைக்கும் சரிந்துதான் நிற்கின்றன. அந்தக் காலத்துப் பேஸ்மென்ற் சுவர் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஈரம் உள்ளே வரும். ஃபேர்னஸ் வெக்கையில் காய்ந்து போகும். நிலக்கரி நனைகிறதே என்று யார் அழப்போகிறார்கள்?

1958-ல் அல்பேர்ட்டாவிலிருந்து எரிவாயுக் குழாய் வந்து சேர்ந்தது. ஃபேர்னஸ் சிறுத்து ஒரு மூலைக்குப் போக, கரி கிடந்த இடம் வெறுமையானது. அதே காலத்தில்தான் ஸ்காபரோவின் தோட்ட நிலங்கள் வீடுகளாகிக்கொண்டிருந்தன. 1951-ல் 56,000 பேர் அளவில் இருந்த ஊர் 1961-ல் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த அவசரம் சுவரில் தெரியும். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கற்களை அடுக்கி, வெளிப்பக்கம் ஒரு பூச்சுப் பூசி, அதன்மேல் தார் தடவி மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். அத்திவாரத்தைச் சுற்றி வீப்பிங் ரைல்: வயலில் நிற்கிற தண்ணீரை வடிக்கக் கமக்காரர் புதைக்கிற அதே சுட்ட களிமண் குழாய்த் துண்டு, நாலங்குல வாய், ஓரடி நீளம். துண்டுக்குத் துண்டு சிறு இடைவெளி விட்டு, மேலே தார்க் கடதாசி போட்டு வைப்பார்கள். அந்த இடைவெளியால் தண்ணீர் இறங்கவேண்டும். ஐம்பது வருசத்தில் தண்ணீரோடு களியும் மரவேரும் இறங்கிவிடுகின்றன. இன்றைக்குத் தோண்டி எடுத்தால் சில துண்டுகளுக்குள் விரல்கூட நுழையாது.

இந்தச் சுவருக்கு உள்ளேதான் அறுபதுகளில் பலகை அடித்து, கம்பளம் விரித்து, மூலையில் ஒரு மதுக்கூடமும் வைத்தார்கள். ஈரம் போகவில்லை, பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

பிறகு இலங்கைத் தமிழர் நாங்கள் வந்தோம். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் பலர் முதலில் சென்ற் ஜேம்ஸ் ரவுனின் மாடிகளில் நெருக்கியடித்துக் கிடந்துவிட்டு, கொஞ்சம் மூச்சு வந்ததும் ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். வீடு வாங்கியவர் மேலே, வாடகைக்கு வந்தவர் கீழே. கீழ்வீட்டு வாடகைதான் மேல்வீட்டு மோட்கேஜில் ஒரு பங்கைக் கட்டியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் கிணறு வெட்டியிருக்கிறோமே தவிர நிலத்துக்குக் கீழே குடியிருந்து பழக்கமில்லை. புட்டு அவிக்கிற ஆவி, கொடியில் காய்கிற உடுப்பு, யன்னலைத் திறக்கவிடாத ஆறுமாதக் குளிர் எல்லாம் சேர்ந்து சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. முறைப்பாடு சொல்லவும் பயம். ஸ்காபரோ உட்பட ரொறொன்ரோவின் ஆறு நகரசபைகளும் 1998-ல் ஒன்றாகி, 2000-ஆம் ஆண்டளவில் புதிய விதி நடைமுறைக்கு வரும்வரைக்கும் ஸ்காபரோவின் பல தெருக்களில் இப்படி இரண்டாம் குடித்தனம் வைப்பதற்கே அனுமதி இல்லை. 'குசினியில நிறையச் சமைக்கிறியள்' என்று மேல்வீட்டுக்காரர் சொல்வதும், 'உங்கட சுவர் ஒழுகுது' என்று கீழ்வீட்டுக்காரர் முணுமுணுப்பதும் ஒரு தலைமுறைச் சண்டை. என் அனுபவத்தில் பாதி வீடுகளில் இருவரும் சொன்னது சரி.

எது எவ்வளவு என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. ஓரடிச் சதுரப் பொலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடவேண்டும். தாளின் முன்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். பின்பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து வருவது. யூலை மாதத்து வெக்கையில் 'காற்று வரட்டும்' என்று யன்னலைத் திறந்துவைப்பவர்கள் இதைப் பார்த்தால் திகைப்பார்கள்: வெளியே இருக்கிற ஈரக்காற்றுத்தான் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. மண்ணிலிருந்து என்றால் வேறு வேலை. அடிவரிசைக் கல்லில் ஒரு துளை போட்டால், பொள்ளலுக்குள் நிறைந்திருந்த தண்ணீர் நீட்டுக்குப் பீறிட்டு அடிக்கும். உள்ளே 'வோட்டர்புரூப்' பெயின்ற் அடிப்பது வீண் செலவு என்று நான் சொன்னால் நம்பாதவர்கள், அந்தத் துளையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள்.

மழைதான் நகரசபையையும் நிலத்தடிக்கு இறக்கியது. 2005 ஓகஸ்ற் 19 மழையில் ஃபின்ச் வீதியே பிளந்து போனது. ஆயிரக்கணக்கான பேஸ்மென்றுகளில் சாக்கடைத் தண்ணீர் ஏறியது. 2013 யூலை 8-ல் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் கொட்டியது, 1954-ன் ஹேசல் சூறாவளி நாளையும் மிஞ்சி. கூரைத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயோடு பொருத்தச் சொன்ன அதே ஊர், 2011-லிருந்து படிப்படியாக அதைக் கழற்றி முற்றத்தில் விடச் சொன்னது. தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வுக்கும், குழியில் சேர்கிற தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்புக்கும் 3,400 டொலர் வரைக்கும் உதவிப்பணமும் தந்தது. கழற்றிய குழாயைச் சுவரோரத்திலேயே கொட்டவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. நாலு முழக் குழாயும் கொஞ்ச மண்ணும் போதும்; அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

இப்போது வருகிற பிள்ளைகளுக்கு ஏழடி உயரம் போதவில்லை. பழைய அத்திவாரத்துக்கும் கீழே துண்டு துண்டாகத் தோண்டி, கொங்கிறீற் இட்டு, ஒன்பதடி கேட்கிறார்கள். பழைய வீப்பிங் ரைலுக்குக் கீழே தளம் போய்விட்டால், தாழ்ந்த இடங்களில் பம்ப் வருசம் முழுக்க ஓடியே ஆகவேண்டும். 2013 மழையன்று மின்சாரமும் போனது, பம்புகளும் நின்றன. ஆகவே எங்கே பெரிய திரை மாட்டுவது என்று அவர்கள் கேட்கும்போது, பம்புக்குப் பற்றரி எங்கே வைப்பது என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.